ரசீது புத்தகத்தில் தொடங்கும் அரசியல்

மகனைப் பார்க்க மெல்பர்ன் போயிருந்தேன். ஆல்பர்ட் பார்க் ஏரிக்கரை ஸ்டேடியத்தில் உள்ளூர் கால்பந்து ஆட்டம். டிக்கெட் கவுன்டரைவிட சுவ்லாகி (கம்பியில் குத்திச் சுட்ட கிரேக்க இறைச்சி) விற்ற இடத்தில்தான் கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேக்கப் பெரியவர், "அந்தக் காலத்தில் கடை வைத்தவர் கிளப் தலைவராவார், அப்புறம் கவுன்சில் தேர்தலில் நிற்பார்" என்றார். பிழைக்கப் போன இடத்தில் இவர்களுக்கு எதற்கு இந்த வேலையெல்லாம்?
*- மேற்கு மாம்பலம் வாசகி*

நீங்கள் பார்த்தது அநேகமாக சவுத் மெல்பர்ன் கிளப் ஆட்டம். பழைய பெயர் சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ். ஹெல்லாஸ் என்றால் கிரேக்கர்கள் தங்கள் நாட்டுக்கு வைத்திருக்கும் பெயர். 1959-ல் சின்னச் சின்ன கிளப்புகளை ஒன்றாக்கி ஆரம்பித்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே சிட்னியில் பான்-ஹெலனிக் வந்துவிட்டது.

1952-ல் இரு நாடுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் கப்பலாகப் போனவர்கள் இவர்கள். முதலில் ஃபேக்டரி, கொஞ்சம் காசு சேர்ந்ததும் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கிற கடை. நம்மவர்கள் பம்பாய் மாட்டுங்காவுக்குப் போய் என்ன செய்தார்கள்? கோயில், சபா, பள்ளிக்கூடம். கிரேக்கர்களும் முதலில் சர்ச்தான் கட்டினார்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு ஒன்று வேண்டுமே, அதுதான் கால்பந்து. வேலை காலியிருக்கிறதா, பையனுக்குப் பெண் இருக்கிறதா, ஊரில் யார் செத்தார்கள், எல்லாச் செய்தியும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்தான்.

அரசியல் எங்கே வந்தது என்கிறீர்கள். மைதானம் வழியாக வந்தது அம்மா. அங்கே உள்ளூர் மைதானங்கள் பெரும்பாலும் உள்ளாட்சிக் கவுன்சிலின் சொத்து. விளக்கு வேண்டுமா, உடை மாற்றும் அறையில் வெந்நீர் வேண்டுமா, குத்தகையை நீட்டிக்க வேண்டுமா, கவுன்சிலுக்குத்தான் மனு. யார் போவது? ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு லீவு கிடைக்காது. கல்லாவில் மச்சானை உட்கார வைத்துவிட்டு வரக்கூடியவர், நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுபவர், கடைக்காரர்தான். கையில் ரசீது புத்தகத்தோடு கடை கடையாக நன்கொடை கேட்டவர் அவர், கமிட்டித் தேர்தலில் யார் கை தூக்குவார், யார் கடைசி நிமிடத்தில் காலை வாருவார் என்று எண்ணிப் பழகியவரும் அவர். கால்பந்து சம்மேளனக் கூட்டத்தில் இத்தாலியக் கிளப்பையும் குரோஷியக் கிளப்பையும் சமாளித்துவிட்டு வந்தவருக்கு வார்டு தேர்தல் ஒரு பொருட்டா?

இன்னொன்றும் உண்டு. விக்டோரியா மாநிலத்தில் குடியுரிமை இல்லாதவர்கூட சொத்து வரி கட்டினால் உள்ளாட்சி ஓட்டுக்கு விண்ணப்பிக்கலாம். கடை சொந்தமாக இருந்தால் ஓட்டும் உண்டு.

அப்படியென்றால் கிளப் உறுப்பினர் பட்டியலை அப்படியே கட்சி உறுப்பினர் பட்டியலாக மாற்றிவிடலாமே?
*- அண்ணா நகர் வாசகர்*

கூட்டுறவு சங்கத் தேர்தலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்போல் கேட்கிறீர்கள்! பிறர் சந்தாவைத் தானே கட்டி, கட்சிக் கிளையில் ஆள் நிரப்பி, வேட்பாளர் தேர்வில் ஜெயிக்கிற வித்தை அங்கேயும் உண்டு. 2020-ல் விக்டோரியா அமைச்சர் ஒருவர் இந்தப் புகாரில் பதவியை இழந்தார். அவர் கிரேக்கர் இல்லை. வந்தேறிகள்தான் இதைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லுகிற வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களை நான் நம்ப மாட்டேன். அவர்களுடைய தொழிற்சங்கங்களில் யார் சொல்லிக் கொடுத்தார்களாம்?

இவ்வளவு செய்தவர்களின் கிளப் ஆஸ்திரேலியாவின் பெரிய லீக்கில் ஏன் இல்லை?
*- பெரம்பூர் வாசகர்*

வயிற்றெரிச்சல் கதை. 1977-ல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது அதைத் தூக்கி நிறுத்தியவை இந்தக் குடியேறிகளின் கிளப்புகள்தான். ஆனால் அந்த விளையாட்டையே 'வாக்பால்' என்று கேலி செய்த நாடு அது. 'வாக்' என்பது தென் ஐரோப்பியர்களைத் திட்டும் சொல். கிளப் பெயரில் சொந்த நாடு இருக்கக் கூடாது, கொடி கூடாது, சின்னம் கூடாது என்று சம்மேளனம் பல முறை நெருக்கியது. பான்-ஹெலனிக் சிட்னி ஒலிம்பிக் ஆனது. சவுத் மெல்பர்னின் வாலில் இருந்த ஹெல்லாஸ் உதிர்ந்தது.

பெயர் போனாலும் ஆட்டம் போகவில்லை. நான்கு முறை தேசிய சாம்பியன். 2000 ஜனவரியில் பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டை எதிர்த்து ஆடினார்கள். 2-0 தோல்விதான், இருந்தாலும் நினைத்துப் பாருங்கள், கடைக்காரர்கள் வசூல் செய்து வளர்த்த கிளப். நாலே வருடத்தில், 2004-ல், லீக்கையே மூடினார்கள். அடுத்த வருடம் வந்த ஏ-லீக்கில் சவுத் மெல்பர்னுக்கு இடமில்லை. பழைய லீக்கில் பணமும் இல்லை, கூட்டமும் குறைந்துபோயிருந்தது, அது உண்மை. அதற்காக மூலவரையே கோயிலுக்கு வெளியே வைப்பதா?

இதில் வேடிக்கை, புது ஏற்பாட்டின் தலைவர் ஃபிராங்க் லோவியும் குடியேறியவர்தான். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த யூதர், வணிக வளாகங்கள் கட்டிக் கோடீஸ்வரரானவர், ஒரு காலத்தில் சிட்னி யூதர்களின் ஹக்கோவா கிளப்பை நடத்தியவரும்கூட.

கால்பந்து பயிற்சியாளர் ஆஞ்ச் போஸ்டகோக்லு இந்தக் கூட்டத்து ஆளா?
*- திருவான்மியூர் வாசகர்*

அசல். ஏதென்ஸில் பிறந்து ஐந்து வயதில் மெல்பர்ன் போனவர். சவுத் மெல்பர்னுக்கு ஆடினார், கேப்டனானார், பயிற்சியாளராகி இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஹங்கேரி மேதை புஷ்காஷ் அங்கே பயிற்சியாளராக இருந்தபோது அவருக்கு கார் ஓட்டியதும் மொழிபெயர்த்ததும் இவர்தான். புஷ்காஷுக்கு இங்கிலீஷ் தகராறு, ஏதென்ஸில் வேலை பார்த்ததால் கிரேக்கம் வரும். 2015-ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை, 2025-ல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்புக்கு யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியக் கோப்பை. கோப்பை வாங்கிய சில வாரத்தில் டாட்டன்ஹாம் அவரை வீட்டுக்கு அனுப்பியது தனிக்கதை.

சொந்த நாட்டில் கிரேக்கர்கள் எப்படி?
*- சூளைமேடு வாசகர்*

அங்கே ரசீது புத்தகமெல்லாம் இல்லை, கப்பல்தான். ஒலிம்பியாகோஸ் கிளப்பின் முதலாளி, கப்பல் அதிபர் மரினாகிஸ் 2014-ல் ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுக நகரமான பிரேயஸின் கவுன்சிலர் ஆனார். அவருடைய கிளப் சகா மொராலிஸ் அதே தேர்தலில் மேயர்.

எங்கள் வியாசர்பாடியில் தடுக்கி விழுந்தால் கால்பந்து ஆட்டக்காரன் மேல்தான் விழ வேண்டும். எங்களில் ஒருவர் ஏன் இப்படி மேலே வரவில்லை?
*- வியாசர்பாடி வாசகர்*

தம்பி, உங்கள் ஊர் செவன்ஸ் ஃபைனல் ஒன்றுக்கு வந்திருக்கிறேன். பேனரில் கவுன்சிலர் படம் ஆளுயரம், இரண்டு டீம் பையன்களும் ஸ்டாம்ப் சைஸில். கோப்பை கொடுக்க அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம், அதுவரை பையன்கள் வியர்வை காய்ந்து நின்றார்கள். மெல்பர்ன் கடைக்காரர் விளக்குக் கம்பத்துக்காகக் கவுன்சிலைத் தேடிப் போனார், கிடைக்காதபோது தானே நின்றார். இங்கே கவுன்சிலர் வந்தாலே போதும் என்று நாம் மாலையோடு நிற்கிறோம். மாநகராட்சி மைதானத்துக்கு விளக்கு கேட்டு உங்கள் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே மனு கொடுத்ததுண்டா? கொடுத்திருந்தால் அதன் நகலை அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். ஃபைனல் தேதியையும் சொல்லுங்கள், வருகிறேன். பேனரில் என் படம் மட்டும் வேண்டாம்.