மாசிப் பனி, பங்குனி வெயில்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காவிரி டெல்டாவில் வேளாண் அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பனியைப் பற்றித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

‘சிவராத்திரியோடு பனி சிவசிவா என்று போய்விடும்’ என்பார் என் மாமியார். சிவராத்திரி முடிந்து இரண்டு வாரம் ஆகியும் வாசல் தெளிக்கப் போனால் பனி கொட்டுகிறது. பருவமே மாறிவிட்டதா?
– வாசகி, திண்டிவனம்

மாமியார் சொல்வது சரிதான் அம்மா. தேதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. சிவராத்திரி சந்திரனை வைத்து வருவது. 2024-இல் மார்ச் 8, 2025-இல் பிப்ரவரி 26, 2026-இல் பிப்ரவரி 15. மூன்று வருடத்துக்குள் மூன்று வாரம் முன்னே வந்துவிட்டது. பனிக்கு அந்தக் கணக்கு கிடையாது.

பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிந்துவிடும். பகலில் வாங்கிய சூட்டை இரவு முழுக்க நிலம் மேலே விட்டுக்கொண்டே இருக்கும். தடுக்க மேகம் இல்லை. ஏரியிலும் வயலிலும் இன்னும் ஈரம் இருக்கிறது, காற்றும் அடங்கிக் கிடக்கிறது. அதனால் விடியற்காலையில் தரை நன்றாகக் குளிர்ந்து, அதன்மேல் இருக்கும் காற்றின் ஈரம் படிகிறது. நாளைக் காலையில் ஒன்றைப் பாருங்கள். வாசலில் திறந்தவெளியில் நிறுத்திய வண்டியின் சீட் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியின் சீட் காய்ந்தே இருக்கும். கீழிருந்து போகும் சூட்டை மரத்தின் இலைகள் தடுத்துத் திருப்பிவிடுவதால் அந்த சீட் அவ்வளவு குளிர்வதில்லை. பனி மேலிருந்து ‘பெய்வதில்லை’ என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

பங்குனி பிறந்து, நிலம் காய்ந்து, இரவும் சுருங்கினால் பனி தானாகக் குறையும். நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம்தானே. பருவம் எங்கேயும் போய்விடவில்லை.

சம்பா அறுவடை பாதி நிற்கிறது. மீதி வயலில் நெல்லுக்குள்ளேயே உளுந்து விதைத்துவிட்டேன். மாசியில் மழை வருமா?
– வாசகர், மன்னார்குடி

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டெல்டாவில் மாசி, பங்குனி மழை என்பது வராமலே போகும் வருடம்தான் அதிகம். வந்தால் சும்மா போகாது.

2008 மார்ச்சில் பெய்ததை இன்றும் யாரும் மறக்கவில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் வங்கக்கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே உருவாகி நம் கரையை நோக்கி வந்தது; அந்த மாதத்தில் அது அபூர்வம். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்தபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் நனைந்தன. அறுக்கத் தயாராக நின்ற நெல் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. சாய்ந்த கதிரைக் கையில் எடுத்தால், மணிக்கு மணி வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த விவசாயியிடம் ‘பருவம் தவறிய மழை’ என்று விளக்கம் சொல்ல எந்த அலுவலருக்கும் வாய் வராது.

அதனால் மழை வருமா, வராதா என்று யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள். முற்றிய வயலை முதலில் அறுத்துவிடுங்கள். காலைப் பனி ஈரம் காயும் முன் மெஷினை இறக்க வேண்டாம். பத்து, பதினொரு மணி ஆகட்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நீங்கள்தான் களத்தில் கொட்டிக் காய வைக்க வேண்டியிருக்கும். உளுந்தைப் பொறுத்தவரை, மண் மெழுகுப் பதத்தில், அதாவது தண்ணீர் வடிந்து ஈரம் மட்டும் நிற்கும்போது, விதைத்திருந்தால் கவலை இல்லை. மண்ணில் தங்கிய ஈரமும் இரவுப் பனியுமே அதை இழுத்துக்கொண்டு போய்விடும். நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் விளைகிறது. அதற்கு எமன் தேங்கும் தண்ணீர். நெல் அறுத்த கையோடு வயலைச் சுற்றி வடிகால் வெட்டி வையுங்கள், மழை வராவிட்டாலும் நஷ்டமில்லை. செல்போனில் மேகதூத் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் வானிலை அறிவுரை வரும், தமிழிலேயே படிக்கலாம்.

மாமரம் நிறையப் பூத்தது. இப்போது பூ கருகிக் கொட்டுகிறது. பனிதான் காரணமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பனி மட்டும் பூவைக் கொல்லாது. பூங்கொத்தில் மாவு தூவினாற்போல் வெள்ளையாக இருந்தால் சாம்பல் நோய். இலை பிசுபிசுவென்று ஒட்டி, பிறகு கறுத்தால் தத்துப்பூச்சி. குளிர்ந்த இரவும் ஈரக் காலையும் இரண்டுக்குமே வசதி. எது என்று பார்த்து, ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். ஒன்றே ஒன்று: பூ முழுக்க விரிந்திருக்கும்போது பூச்சி மருந்து அடிக்காதீர்கள். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும்பங்கு ஈக்களுடையது, அவற்றையும் கொன்றுவிட்டால் காய் ஏது?

வடாம் போட எந்த மாதம் நல்லது? சென்னையில் மொட்டைமாடியில் காய வைத்தால் நமுத்துப்போகிறது. கரூரில் இருக்கும் என் அக்கா ஒரே நாளில் காய வைத்து எடுத்துவிடுகிறாள்.
– வாசகி, சென்னை

அக்காவின் கைராசி அல்ல அம்மா, காற்றுதான். உங்கள் ஊரில் நிலம் சூடேறியதும் மதியவாக்கில் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். உடம்புக்கு இதம், வடாமுக்கு ஈரம். கரூர், ஈரோடு, சேலம் பக்கம் அந்தக் காற்று பகலில் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் மார்ச்சிலேயே அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

மாசிக் கடைசியிலிருந்து போடலாம். மொட்டைமாடித் தரையில் பனி ஈரம் முழுக்கக் காய்ந்தபின் துணியை விரியுங்கள். கடல்காற்று வீசத் தொடங்கியதும் உள்ளே எடுத்துவிடுங்கள், மறுநாள் மறுபடி வையுங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம்.

சூரியன் நம் தலைக்கு நேராக எப்போது வரும்? சித்திரையிலா, அக்னி நட்சத்திரத்திலா?
– பள்ளி மாணவர், நாகர்கோவில்

மார்ச் 20 அல்லது 21-இல் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அங்கிருந்து வடக்கே நகர்ந்து ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உங்கள் ஊருக்கு மேலே வரும், ஏப்ரல் கடைசி வாரவாக்கில் சென்னைக்கு. அந்த நாள் நண்பகலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பார் தம்பி, நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அக்னி நட்சத்திரம் அதற்குப் பிறகு, மே மாதத்தில்தான்.