கேட்டுக் கேட்டே ஒரு மொழி வருமா? வாசகர் கேள்விகள்

நான்கு மாதமாகத் தினமும் இரண்டு மணி நேரம், கற்கும் மொழியின் செய்திச் சேனலை ஓடவிட்டுக்கொண்டே வேலை பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லையே?

புரியாத பேச்சு மின்விசிறிச் சத்தம் மாதிரி. சில நாளில் காது அதை ஒதுக்கிவிடும். செய்தி வாசிப்பில் வேகமும் அதிகம், நிமிடத்துக்கொரு விஷயமும் மாறும். தொடக்கத்துக்கு அது ஏற்றதல்ல.

எழுத்து வடிவமும் சேர்ந்து கிடைக்கும் 3 நிமிட உரையாடல் ஒன்றை எடுங்கள். முதல் தடவை எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். அடுத்து எழுத்தைப் பார்த்தபடி கேட்டு, தவறவிட்ட இடங்களில் கோடு போடுங்கள். அவற்றில் பல, தெரிந்த சொற்களாகவே இருக்கும். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று புத்தகத்தில் படித்தவருக்கு, ‘வந்துட்ருக்கேன்’ புதுச் சொல்லாகத்தானே கேட்கும்? கோடு போட்ட இடங்களை மட்டும் நாலைந்து தடவை திருப்பிக் கேட்டுவிட்டு, மறுபடி எழுத்தில்லாமல் முழுவதும் கேளுங்கள். மறுநாள் இன்னொரு தடவை. கவனத்தோடு கேட்கும் அரை மணி நேரமே போதும்.

தாய்மொழி சப்டைட்டிலோடு படம் பார்ப்பதும் காதுக்குப் பெரிய பலன் தராது. கண் வாசிக்கப் போய்விடும், கவனம் காதில் குறையும். சப்டைட்டிலையும் கற்கும் மொழியிலேயே வையுங்கள்.

புத்தகம் என்றால் ஒரு பக்கத்தில் 100 சொற்களை எண்ணுங்கள். தெரியாதவை இரண்டுக்குள் இருந்தால் அகராதி இல்லாமல் வாசிக்கலாம். மொழி கற்றலை ஆராய்ந்த பால் நேஷன், சக ஆய்வாளரோடு 2000-இல் வெளியிட்ட ஆய்வும் இந்த 98 சதவீதத்தைத்தான் சொல்கிறது. ஐந்து என்றால் தடவித் தடவிப் போகலாம். பத்தைத் தாண்டினால், எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய புத்தகமானாலும் இப்போதைக்கு மூடி வையுங்கள்.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா?

அடிக்கடி வரும் சில நூறு சொற்களுக்கு வேண்டும். முதல் உரையாடல் பிடிபட அது உதவும். அதற்கு மேல் பட்டியல் கைகொடுக்காது. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, மின்னல் வெட்டுகிறது என்கிறோம். எந்தச் சொல்லோடு எது சேரும் என்று நமக்கு யாரும் ஒப்பிக்கச் சொல்லித்தரவில்லை. ‘அடி’ என்பதற்கு ஒரே ஒரு பொருளை உருப்போட்டவருக்கு ‘வெயில் அடிக்கிறது’ புரியவே புரியாது. ஒரே சொல்லை வேறு வேறு வாக்கியங்களில் பல தடவை சந்தித்தால்தான் இந்தச் சேர்க்கை படியும்.

கேட்டால் புரிகிறது, வாய் திறந்தால் வரவில்லை.

கனடாவில் பிரெஞ்சு வழியில் பல ஆண்டுகள் படித்த, ஆங்கிலம் பேசும் மாணவர்களிடமும் மொழியியல் ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் இதையே கண்டார். கேட்டுப் புரிந்துகொள்வதில் தேர்ந்த அவர்கள், பேச்சிலும் எழுத்திலும் பின்தங்கியிருந்தார்கள். பேசிப் பழகும் வாய்ப்புக் குறைவு என்பது 1985-இல் அவர் சொன்ன விளக்கம். கேட்டு முடித்த உரையாடலை உங்கள் வார்த்தையில் ஒரு நிமிடம் சொல்லி, போனில் பதிவுசெய்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். எந்த இடத்தில் திணறினீர்களோ, அடுத்த தடவை கேட்கும்போது காது அங்கேதான் போய் நிற்கும்.