வாடகை போர்ஷன் கட்டடம் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு 36 வயது, ஐடி வேலை. சென்னை மேடவாக்கம் பக்கம் நாலு போர்ஷன் உள்ள கட்டடம் ஒன்று 2 கோடிக்கு வருகிறது. போர்ஷனுக்கு 15,000 வாடகை. கையில் 80 லட்சமும் பத்திரச் செலவுக்குத் தனியாகப் பணமும் இருக்கிறது. மீதிக்கு லோன். வாடகையே இஎம்ஐயைக் கட்டிவிடும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: கட்டாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். மாதம் 60,000 என்றால் வருடத்துக்கு 7.2 லட்சம். ஆள் மாறும்போது வீடு ஒரு மாதமாவது பூட்டிக் கிடக்கும். வெள்ளையடிக்க வேண்டும், மோட்டார் ரிப்பேர் வரும், செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிட வேண்டும், சொத்து வரி கட்ட வேண்டும். இதற்கெல்லாம் 1.4 லட்சம் ஒதுக்கினால் கையில் நிற்பது 5.8 லட்சம், அதாவது மாதம் 48,000. நீங்கள் வாங்கப்போகும் 1.2 கோடி கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில், 20 வருடத் தவணையில், இஎம்ஐ 1,04,000 வரும். மாதா மாதம் 56,000 ரூபாய் சம்பளத்திலிருந்து போட வேண்டியிருக்கும்.

இதில் வரிச் சலுகை கைகொடுக்கும் என்று யாராவது சொன்னால், பழைய வருமான வரி முறையிலா, புதிய முறையிலா என்று கேளுங்கள். வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. வீட்டுக் கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் அப்படிக் கழித்து நஷ்டம் வந்தால், புதிய முறையில் அதைச் சம்பளத்தோடு நேர் செய்ய முடியாது. பழைய முறையிலும் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான்.

பத்திரச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2 கோடிக்கு அதுவே 18 லட்சம். ஆக 2.18 கோடி போட்டு 5.8 லட்சம் எடுக்கிறீர்கள். மூன்று சதவீதம்கூட இல்லை. இப்படிப்பட்ட கட்டடத்தில் உண்மையான லாபம் மனையில்தான் இருக்கிறது. அபார்ட்மென்ட்டில் உங்களுக்கு வருவது மனையில் பிரிக்கப்படாத பங்கு மட்டும். இங்கே முழு மனையும் உங்களுடையது. அதனால் புரோக்கரிடம் முதலில் வாடகையைக் கேட்காதீர்கள். மனை எத்தனை கிரவுண்ட், அந்தத் தெருவில் காலி மனை என்ன விலை போகிறது என்று கேளுங்கள். மனை விலையே கேட்கிற விலையை நெருங்கினால் மேலே பேசலாம். இந்த வாடகை தாங்குவது 55 லட்சம் கடனைத்தான். அதற்கு மேல் வாங்குவதானால் சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் இஎம்ஐ கட்டப் பணம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டடத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. மேடவாக்கம், பள்ளிக்கரணை, வேளச்சேரி சுற்றுவட்டாரம் என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஞாபகம் இருக்க வேண்டும். புதுப் பெயின்ட்டை நம்பாதீர்கள். கீழ் போர்ஷனில் மர அலமாரியின் அடிப்பலகையைத் தொட்டுப் பாருங்கள், ஊறி உப்பியிருந்தால் கையில் தெரியும். அந்தத் தெருவில் ஈபி மீட்டர் பெட்டிகளை வழக்கத்தைவிட உயரத்தில் மாட்டியிருந்தால் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வெள்ளத்துக்கு நேர்மாறான பிரச்சினையும் உண்டு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீரை நம்பியிருந்த வீடுகளிலிருந்து குடித்தனங்கள் காலி செய்துகொண்டு போயின. கட்டடத்தை மே மாதம் ஒரு தடவை, அடைமழையில் ஒரு தடவை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: குடித்தனக்காரர்கள் இருக்கும்போதே கட்டடத்தை வாங்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அவர்கள் கொடுத்து வைத்திருக்கும் அட்வான்ஸை. இதில்தான் புதிதாக வாங்குபவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஒரு போர்ஷனை லீசுக்கு விட்டு எட்டு லட்சம் வாங்கியிருப்பார்கள், அந்த வீட்டிலிருந்து வாடகையே வராது. நீங்கள் வீட்டுக்காரர் ஆனதும் அந்தப் பணத்தை உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் நீங்களே போய்ப் பேசுங்கள். எவ்வளவு அட்வான்ஸ், எந்த மாதம் வரை வாடகை கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதி, குடித்தனக்காரரும் விற்பவரும் கையெழுத்துப் போடட்டும். மொத்த அட்வான்ஸையும் விலையில் கழித்துக்கொண்டு பத்திரம் முடியுங்கள். பிறகு உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் எழுதி வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டப்படி பதிவு கட்டாயம். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கு அது வேண்டாம் என்று ஊரில் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு வீட்டுக்கு அப்ரூவல், கட்டியிருப்பது ஆறு. விலை மலிவாக வருகிறது. பிறகு ரெகுலரைஸ் செய்துகொள்ளலாம், அதாவது கூடுதலாகக் கட்டியதற்கும் அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர்.

பதில்: வேண்டாம். செய்து முடித்த ஆர்டரோடு அவரே வரட்டும். வங்கியின் இன்ஜினியர் பிளானையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார், லோன் அங்கேயே நின்றுவிடும். ரொக்கத்துக்கு வாங்கினாலும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது அதே கேள்வி உங்களிடம் வரும்.

கேள்வி: ஒரே ஈபி மீட்டர்தான் இருக்கிறது. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கலாமா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: செய்யாதீர்கள். தனி இணைப்பு இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு குடும்பத்தை ஒரே மீட்டரில் கட்டிப் போட்டால் மூன்று குடும்பத்தின் சலுகை போகிறது. எல்லோருடைய யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து பில் மேல் அடுக்குக்கு ஏறுகிறது. பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வாடகை கொடுப்பவர்களுக்கு இது பெரிய பணம். போர்ஷனுக்கு ஒரு மீட்டர் போட்டு, மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் பொது மீட்டர் வையுங்கள். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தவும் சட்டத்தில் இடமில்லை.

கேள்வி: துபாயில் வேலை செய்கிறேன். திருச்சியில் மூன்று போர்ஷன் வாங்கி அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று எண்ணம்.

பதில்: வாங்கலாம். ஆனால் வெளிநாடுவாழ் இந்தியர் வீட்டுக்காரராக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் குடித்தனக்காரர் டிடிஎஸ், அதாவது வாடகையிலிருந்தே வருமான வரி, பிடித்துக் கட்ட வேண்டும். செஸ் சேர்த்து 31.2 சதவீதம். அதற்கு அவர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான பதிவு எண்) வாங்க வேண்டும், ரிட்டர்ன் போட வேண்டும். 9,000 ரூபாய் வாடகைக்கு வருபவர் இதையெல்லாம் செய்வாரா? குறைந்த விகிதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் நீங்கள் சான்றிதழ் வாங்கினால் சுமை குறையும். வாடகை உங்கள் என்ஆர்ஓ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான வங்கிக் கணக்கு) போகட்டும்.

அம்மா பெயரிலேயே வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. உடன்பிறந்தவர்கள் இருந்தால் மட்டும் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். உயில் இல்லாமல் அம்மா காலமானால், பணம் போட்டது நீங்கள் என்றாலும் சொத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு. உயில் எழுதுவதானால் அவர் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்துவிடுங்கள்.