மீம் போட்டும் பரவவில்லையே, ஏன்?

கேள்வி: ரத்த தானம் பற்றிப் பேசும் சிறிய தன்னார்வக் குழு எங்களுடையது. போஸ்டர் போட்டால் நாலு லைக் விழுகிறது, யாரும் பகிர்வதில்லை. மீம் போடுங்கள் என்றார்கள். பிரபலமான படங்களின் மேல் எங்கள் வாசகத்தை எழுதிப் போட்டோம், அதுவும் ஓடவில்லை. மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் கேலியாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: மூன்று படங்களையும் பார்த்தேன். மூன்றுமே போஸ்டர்கள்தான். படத்தை எடுத்துவிட்டு, ‘ரத்த தானம் செய்வீர், உயிர் காப்பீர்’ என்ற வரியை வெறும் தாளில் அச்சிட்டாலும் அதே பொருள்தான் வருகிறது. அப்படியானால் படம் அங்கே எந்த வேலையும் செய்யவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு மீம் டெம்ப்ளேட்டுக்கும், அதாவது பலரும் வாசகம் மாற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் படத்துக்கும், ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு. நீங்கள் பயன்படுத்திய முதல் படத்தையே எடுத்துக்கொள்வோம். காதலியோடு நடந்துபோகும் இளைஞன், கடந்துபோகும் இன்னொரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கிறான். காதலி அதிர்ந்து நிற்கிறாள். அந்தோனியோ கில்லெம் என்ற ஸ்பெயின் புகைப்படக்காரர் விற்பனைக்காக எடுத்த படம் அது. 2017-இல் உலகம் முழுக்கப் பரவியது. ‘கையில் இருப்பதை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதைப் பார்ப்பது’ என்ற உறவை அந்தப் படமே சொல்லிவிடுகிறது. உங்கள் கருத்து அந்த உறவுக்குள் பொருந்த வேண்டும். ரத்த தானத்தில் அப்படி ஒன்று இருக்கிறது: பேரிடர் நடந்த மறுநாள் ரத்தம் கொடுக்க வரிசை நிற்கும், சில வாரத்தில் அந்த வரிசை காணாமல் போகும். ஆனால் விபத்தில் சிக்கியவரைக் காப்பாற்றுவது, விபத்துக்கு முன்பே சேமித்து வைத்த ரத்தம்தான். இப்போது இளைஞன் மேல் ‘நாம்’, கடந்துபோகும் பெண் மேல் ‘பேரிடர் செய்தி’, காதலி மேல் ‘வாராவாரம் தேவைப்படும் ரத்தம்’ என்று எழுதிப் பாருங்கள். அறிவுரையே இல்லாமல் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

‘மீம்’ என்ற சொல்லை 1976-இல் உருவாக்கியவர் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். ‘போலச் செய்யப்பட்டது’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைச் சுருக்கி வைத்தார். போலச் செய்தல்தான் இதன் உயிர். ஆகவே ‘இதைப் பார்த்தவர் பகிர்வாரா?’ என்பதைவிட, ‘இதைப் பார்த்தவருக்குத் தானும் ஒன்று செய்யத் தோன்றுமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

2014-இல் பரவிய ஐஸ் பக்கெட் சவாலை நினைத்துப் பாருங்கள். தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றும் காட்சி பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் செய்தது, அடுத்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்து 24 மணி நேரம் கெடு வைத்த விதி. ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக, அமெரிக்காவில் ஒரு சங்கத்துக்கு மட்டும் சில வாரங்களில் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்த நோயோடு தொடர்புடைய என்.இ.கே.1 மரபணுவை 2016-இல் அடையாளம் காணவும் அந்தப் பணம் உதவியது. விளையாட்டாகத் தொடங்கியதால் நோக்கம் மலிவாகிவிடவில்லை. உங்கள் பயத்துக்கு நான் தரக்கூடிய நல்ல பதில் இதுதான்.

அடுத்து, உணர்ச்சி. உங்கள் மூன்றாவது படத்தில் அழும் முகம் இருக்கிறது. ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நியூயார்க் டைம்ஸில் வந்த ஏறக்குறைய 7,000 கட்டுரைகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வியப்பு, கோபம், பதற்றம் போல மனதை உசுப்பும் உணர்ச்சிகள் பகிர்தலைக் கூட்டுகின்றன, சோகம் குறைக்கிறது என்பது அதில் தெரிந்தது. கோபமும் பதற்றமும் உங்களுக்கு வேண்டாம், வியப்பு போதும். அதற்கு உண்மையே கைகொடுக்கும். பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களைப் பெரும்பாலும் 5 முதல் 7 நாள் வரைதான் சேமித்து வைக்க முடியும். ‘புத்தாண்டுத் தீர்மானம்: 2 வாரம் தாங்கும். பிளேட்லெட்: 5 நாள்.’ இதைப் படித்தவர் ‘அப்படியா!’ என்பார். அந்த ‘அப்படியா’தான் அடுத்தவருக்குப் போகும்.

மொழியிலும் ஒரு மாற்றம் வேண்டும். ‘செய்வீர், காப்பீர்’ மேடையிலிருந்து வரும் குரல். மீமோ, நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குரலில் பேச வேண்டும்: ‘ஊசின்னா பயம். ஆனா போன வாரம் கொடுத்துட்டேன்.’ அதற்காக இளைஞர்களின் புதுச் சொற்களைக் கடன் வாங்கிப் போடாதீர்கள். அவை சீக்கிரம் பழசாகிவிடும். புழங்காதவர் எழுதினால் உடனே தெரிந்தும் விடும். குழுவில் இருப்பவர்களில் இளையவரிடம் எழுதும் வேலையைக் கொடுங்கள். மூத்தவர்கள் தகவல் சரியா என்று மட்டும் பார்க்கட்டும்.

சரி, ஆபத்துகள். படம் உங்கள் கையை விட்டுப் போனதும் அது உங்களுடையது இல்லை. மாட் ஃப்யூரி என்ற ஓவியர் 2005-இல் வரைந்த பெப்பே என்ற சாதுவான கார்ட்டூன் தவளையை வெறுப்புக் கும்பல்கள் கையில் எடுத்துக்கொண்டன; வரைந்தவரே தடுத்தும் முழுதாக மீட்க முடியவில்லை. உங்கள் விஷயத்தில் அந்த அளவு சிக்கல் வராது. ஆனால் தவறான நம்பிக்கையைக் கிண்டல் செய்யும் மீமில் கவனம் தேவை. ‘ரத்தம் கொடுத்தால் உடம்பு நிரந்தரமாக பலவீனமாகிவிடும்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே சிறிதாக மறுத்தால், மேல் வரி மட்டும் வெட்டப்பட்டு ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும். நையாண்டியை நிஜமென்று எடுத்துக்கொள்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். உண்மையைப் பெரிதாக எழுதுங்கள், பொய்யை எழுதவே வேண்டாம்.

அவசரத் தேவையை ஒருபோதும் மீமாக்காதீர்கள். ‘இன்றே ஓ நெகட்டிவ் தேவை’ என்ற படம் தேவை தீர்ந்த பிறகும் சுற்றும். அதில் எண் கொடுத்தவரின் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். எந்தப் படமானாலும் தேதியையும் குழுவின் பெயரையும் அதன் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவில் படத்துக்கு மேலே தட்டச்சு செய்த குறிப்பு படத்தோடு பயணம் செய்வதில்லை. நோயாளிகள், குழந்தைகள் படங்களை அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் கருவி படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் பல நேரம் வாசிக்காது. ஆகவே படத்தில் இருப்பதை வார்த்தையில் சொல்லும் மாற்று உரை சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், லைக் எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளராதீர்கள். முகாமுக்கு முதல்முறை வருபவரிடம், ‘எங்கே பார்த்து வந்தீர்கள்?’ என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தை யாராவது வார்த்தை மாற்றித் திரும்பப் போட்டிருந்தால், அதையும் குறித்து வையுங்கள். மூன்று மாதக் குறிப்புகளோடு மறுபடி எழுதினால், எந்த மீமைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.