பாதாள ரயிலில் பாதி வாக்கியம்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதியபோது, 1987 முதல் 1996 வரை வங்கிப் பணியின் பொருட்டு நான் கல்கத்தாவில் இருந்ததையும், அங்குள்ள பாதாள ரயிலில் நாள்தோறும் போய் வந்ததையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். மற்ற கேள்விகளுக்கு விடை எழுதிய பக்கங்களைவிட அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இந்த இதழில் அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். அக்காலத்தைப் பற்றிப் பேசுவதால் ஊரின் பெயரையும் அக்கால வழக்கப்படி கல்கத்தா என்றே எழுதுகிறேன்.

இந்தியாவின் முதல் சுரங்க ரயில் அதுதானே? அதில் முதன்முறை ஏறிய அனுபவத்தைச் சற்று விரிவாக எழுதுவீர்களா?
– சேலம் வாசகர்

அதுவேதான். 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஐந்தே நிலையங்களுடன் அது ஓடத் தொடங்கியது. தில்லி மெட்ரோவின் சுரங்கப் பகுதி திறக்கப்பட்டது 2004 டிசம்பரில்தான். ஆக, இடைப்பட்ட இருபது ஆண்டுகள் இந்நாட்டில் மண்ணுக்கடியில் ரயிலேற வேண்டும் என்று ஆசைப்பட்டவர் கல்கத்தாவுக்குப் போவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. வங்காளிகள் அதைப் ‘பாதால் ரேல்’ என்பார்கள். நம்முடைய பாதாளமும் அதுவும் ஒரே சொல்தான் என்பது, அந்த ஊரில் எனக்கு உடனே விளங்கிய மிகச் சில வங்காளச் சொற்களில் ஒன்றாக அதை ஆக்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதை தெற்கே டாலிகஞ்ச் வரை நீண்டிருந்தது. கறிவேப்பிலையும் வாழையிலையும் கிடைக்கும் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர்கள் பலர் குடியிருந்தார்கள். எனக்கும் அங்கேயே ஓர் அறை கிடைத்தது. அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியாக நடந்தால் காளிகாட் நிலையம். முதல் நாள் என்னை அழைத்துச் சென்றவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவரான ஒரு வங்காளி. படிக்கட்டில் இறங்குவதற்கு முன், வாயில் குதப்பிக்கொண்டிருந்த வெற்றிலையைச் சாலையோரம் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் காலரையும் சரிசெய்துகொண்டார். யாரோ பெரியவர் வீட்டுக்குள் நுழைகிறவர்போல அவர் அதைச் செய்த விதம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் நானும் அப்படியே செய்யத் தொடங்கியிருந்தேன்.

மேலே டிராமும், கைரிக்ஷாவும், படியில் ஆள் தொங்கும் பேருந்தும், நாள் தவறாத மின்வெட்டும். கீழே இறங்கினால் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடக்காத நடைமேடையும், சீரான வெளிச்சமும், சுவர்களில் ஓவியங்களும். ரவீந்திர சதன் நிலையத்தின் சுவர்களில் தாகூரின் கையெழுத்துப் படிகளையும் சித்திரங்களையுமே பதித்திருந்தார்கள். வண்டி வருவதற்குச் சற்று முன்பாக, சுரங்கத்தின் வாயிலிருந்து ஒரு காற்று புறப்பட்டு வந்து முகத்தில் மோதும். முதலில் வெதுவெதுப்பாக, பிறகு வலுவாக, சேலைத் தலைப்புகளையும் செய்தித்தாள்களையும் படபடக்க வைத்தபடி அது வரும். அதற்குப் பிறகுதான் ஓசை கேட்கும். அதற்கும் பிறகுதான் விளக்கு தெரியும். மூன்றும் அதே வரிசையில் வருவதை அந்த ஒன்பது ஆண்டுகளும் கவனித்திருக்கிறேன்.

பெட்டிக்குள் இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி நீண்ட இருக்கைகள். நிற்பவர்கள் பற்றிக்கொள்ள மேலே கைப்பிடிகள். குளிர்சாதனம் கிடையாது. காற்று புகுவதற்கென விடப்பட்ட திறப்புகளின் வழியாகக் காற்றோடு சுரங்கத்தின் இரைச்சல் முழுவதும் உள்ளே வந்துவிடும். கான்கிரீட் சுவர்களில் பட்டுத் திரும்பும் அந்த ஓசையில், பக்கத்தில் இருப்பவர் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அன்று என்னுடன் வந்த மூத்தவர் எங்கள் கிளை மேலாளரின் குணநலன்களை விவரிக்கத் தொடங்கி, வண்டி வேகமெடுத்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். ஜதின் தாஸ் பார்க்கில் வண்டி நின்றதும், விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடர்ந்தார். கதவு மூடியதும் மீண்டும் மௌனம். நிலையங்களுக்கு இடையே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான் என்பதால், எஸ்பிளனேடு வருவதற்குள் மேலாளரைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை ஏழு துண்டுகளாகக் கேட்டு முடித்தேன். சுற்றிலும் பார்த்தேன், பெட்டியிலிருந்த எல்லோருமே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கற்றுக்கொள்ளாதவர் ஊருக்குப் புதியவர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

என் தந்தை ஐ.சி.எஃப்.இல் பணியாற்றியவர். கல்கத்தா சுரங்க ரயிலுக்குப் பெட்டி செய்தது தாங்கள்தான் என்று சொல்வார். அது சரியா?
– பெரம்பூர் வாசகி

முற்றிலும் சரி. 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவானவையே அந்தப் பெட்டிகள். மின்கருவிகளைத் தந்தது பெங்களூரின் என்.ஜி.இ.எஃப். நிறுவனம். அதுவரை தரைமேல் ஓடும் பெட்டிகளைச் செய்து பழகியிருந்தவர்கள், தண்டவாளத்தின் பக்கவாட்டில் மூன்றாவதாக ஓடும் மின்தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தை வாங்கி, சுரங்கத்துக்குள் ஓடக்கூடிய ஒரு வண்டியை முன்மாதிரி எதுவும் இந்நாட்டில் இல்லாத நிலையில் உருவாக்கினார்கள் என்பதைத் தங்கள் தந்தையார் சொல்லாமல் விட்டிருக்கலாம், நான் சொல்லிவிடுகிறேன்.

‘உங்கள் மதராஸ்காரர்கள் செய்த வண்டி’ என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வார்கள். வண்டி குறித்த நேரத்துக்கு வந்தால் அது கல்கத்தாவின் பெருமை, வெக்கை தாங்காவிட்டால் அது மதராஸின் குற்றம். 2010இல் அங்கே வந்த குளிர்சாதன வண்டிகளும் பெரம்பூரில் செய்தவையே. சென்னை மெட்ரோவின் முதல் வண்டிகளோ பிரேசிலிலிருந்தும், பிறகு ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியிலிருந்தும் வந்தவை. பெரம்பூரின் பெட்டி பாதாளத்தைப் பார்க்க வங்காளத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது.

குளிர்சாதனம் இல்லாமல் மண்ணுக்கடியில் எப்படி மூச்சுவிட்டீர்கள்?
– தஞ்சாவூர் வாசகர்

தரைக்கு மேலிருந்து இழுத்த காற்றை நீரால் கழுவிக் குளிர்வித்து, பெரிய விசிறிகளைக் கொண்டு நிலையங்களுக்கும் சுரங்கங்களுக்கும் செலுத்தினார்கள். மீதி வேலையை வண்டியே செய்தது. சுரங்கத்தின் அகலத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டு ஓடும் வண்டி, பம்பினுள் அசையும் தண்டைப் போல, தனக்கு முன்னுள்ள காற்றைத் தள்ளிப் பின்னாலுள்ள காற்றை இழுக்கும். நடைமேடையில் முகத்தில் மோதும் என்று மேலே சொன்னேனே, அந்தக் காற்று அப்படிப் பிறந்ததுதான்.

இந்த ஏற்பாட்டின் குறையும் அதிலேயே இருந்தது. வண்டி ஓடும்வரை காற்று ஓடும், நின்றால் நின்றுவிடும். மே மாதத்து மாலையில், இரு நிலையங்களுக்கு இடையே வண்டி இரண்டு நிமிடம் நின்றுவிட்டால், யாரும் எதுவும் பேசாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் கைக்குட்டையை எடுப்பார்கள். இரைச்சல் இல்லாத அந்த வேளையில் பேசலாமே என்று தோன்றும். ஆனால் புழுக்கத்தில் யாருக்கும் பேச மனம் வராது.

ஊரையே பன்னிரண்டு ஆண்டுகள் தோண்டிப் போட்டார்களாமே?
– கோவை வாசகர்

அடிக்கல் நாட்டியது 1972 டிசம்பர் 29 அன்று, இந்திரா காந்தி. முதல் வண்டி 1984 அக்டோபரில். நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பெரும்பகுதி வேலை, சாலையை மேலிருந்து வெட்டி, இருபுறமும் கான்கிரீட் சுவரெழுப்பி, நடுவில் தோண்டிப் பாதையமைத்து மீண்டும் மூடும் முறையில் நடந்தது. ஆகையால் நகரின் நடுவீதியான சௌரங்கி ஆண்டுக்கணக்கில் பள்ளமும் மண்மேடுமாகவே கிடந்தது. வடக்கே ஷியாம்பஜாருக்கும் பெல்காச்சியாவுக்கும் இடையில் மட்டும், கால்வாயும் ரயில்வே யார்டும் குறுக்கிட்டதால், மேலே தொடாமல் கேடயம் என்னும் கருவியால் குடைந்து போனார்கள்.

நான் பார்த்தது சித்தரஞ்சன் அவென்யூவில் நடந்த வடபகுதி வேலையை. தென்கோடியிலிருந்து எஸ்பிளனேடு வரை ஒரு பாதை. வடகோடியில் டம்டம் முதல் பெல்காச்சியா வரை அதனோடு தொடர்பே இல்லாத சிறுதுண்டு ஒன்று. ஏறினால் உடனே இறங்க வேண்டிய அந்த வடதுண்டில் ஆளே ஏறவில்லை என்று 1992இல் நிறுத்தியே விட்டார்கள். நிலையங்களுக்கிடையே வாக்கியத்தைப் பாதியில் நிறுத்துவதற்குப் பழகிய ஊர், ரயில் பாதையையும் பாதியில் நிறுத்தி வைத்துக் காத்திருந்தது. 1995 செப்டம்பர் 27 அன்று டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை 17 நிலையங்களும் ஒரே கோடாக இணைந்தன. அந்த வாரத்தில் வேலை எதுவுமின்றி டம்டம் வரை போய்த் திரும்பினேன். பெட்டியிலிருந்த பாதிப்பேர் என்னைப் போலவே வேலையின்றி வந்தவர்கள் என்பது, ஒவ்வொரு நிலையத்திலும் சன்னலருகே அவர்கள் குனிந்து பெயர்ப்பலகையைப் படித்ததில் தெரிந்தது.

1970களில் இங்கே சிவப்பு நிறத்துப் பழைய வண்டிகளில் பயணம் செய்தவன் நான். புகைப்போருக்கென்று தனிப்பெட்டிகள் இருந்தன. தவறி அதில் ஏறிவிட்டால் கோட்டு முழுவதும் நாறும். கல்கத்தாவில் எப்படி?
– லண்டன், டூட்டிங் வாசகர்

கல்கத்தாவில் முதல் நாளிலிருந்தே புகைக்கத் தடை. உங்கள் ஊர் வண்டிகளில் புகைப்பதை நிறுத்தியது 1984 ஜூலையில். கல்கத்தாவில் வண்டி ஓடத் தொடங்கியது அதே ஆண்டு அக்டோபரில். கிங்ஸ் கிராஸ் நிலையத்தின் மர நகரும் படிக்கட்டுக்கு அடியில் விழுந்த தீக்குச்சியால் 1987 நவம்பர் 18 அன்று 31 பேர் மாண்ட செய்தியை நான் கல்கத்தா நாளிதழில் படித்தேன். அன்று காளிகாட் நிலையத்தில் பீடியை வெளியே அணைத்துவிட்டு இறங்கியவர்களைச் சற்று மரியாதையோடு பார்த்தேன்.

நீங்கள் சொல்லும் சிவப்பு வண்டிகள் 1938ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அவை லண்டன் சுரங்கங்களிலிருந்து 1988இல் விடைபெற்றன. ஆனால் அவற்றுள் சில, வைட் தீவின் சிறு ரயில் பாதையில் 2021 ஜனவரி வரை ஓடின. கல்கத்தாவின் பெரம்பூர் வண்டிகள் ஓய்வுபெற்றதும் அதே 2021இல்தான். உங்களுடையவை எண்பது ஆண்டுகளைத் தாண்டியவை, எங்களுடையவை நாற்பதைக்கூட எட்டாதவை. கடல்காற்றும் குறைந்த கூட்டமும் வண்டிகளுக்கும் ஆயுளைக் கூட்டும்போலிருக்கிறது.

வியர்வையும் இரைச்சலுமாக இருந்த வண்டிகளை நினைத்து ஏங்குவதில் பொருளுண்டா? பழையது என்பதாலேயே எல்லாம் இனித்துவிடுமா?
– சென்னை, அண்ணா நகர் வாசகர்

ஏங்குவதாக நான் எங்கும் எழுதவில்லை. 2019இல் ஓர் உறவினர் திருமணத்துக்குப் போயிருந்தபோது அந்தப் பழைய வண்டி ஒன்றில் ஏறினேன். உறுமலும் அதிர்வும் நான் அறிந்ததைவிடப் பன்மடங்கு கூடியிருந்தன. குளிர்சாதன வண்டி வரட்டும் என்று நடைமேடையிலேயே ஒதுங்கி நின்றவர்களை என்னால் குறைசொல்ல முடியவில்லை. அறுபது வயதைக் கடந்த என் முழங்கால்களும் அவர்கள் பக்கமே இருந்தன. 2021 அக்டோபர் 24 அன்று, முதல் ஓட்டத்தின் 37ஆம் ஆண்டு நிறைவு நாளிலேயே, அவற்றுக்கு விழா எடுத்து விடைகொடுத்தார்கள். தக்க நேரத்தில் செய்த நல்ல காரியம் என்பதே என் கருத்து.

என் நினைவில் நிற்பது வண்டியன்று, அதற்குள் மனிதர்கள் நடந்துகொண்ட முறை. பேச முடியாத ஐம்பது பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்ததால், தெரியாதவர்கள்கூடத் தலையசைத்துக்கொண்டார்கள். எதிர் இருக்கையில் இருந்த ஒரு முதியவர், நான் படித்துக்கொண்டிருந்த தமிழ் வார இதழின் அட்டைப்படத்தைச் சுட்டிக்காட்டி, யார் இது என்று கையாலேயே கேட்டார். நானும் கையாலேயே, பாட்டுப் பாடுபவர் என்று சொன்னேன். ரவீந்திர சதனில் வண்டி நின்றதும் அவர் சத்தமாகக் கேட்டது, “நன்றாகப் பாடுவாரா?” என்பது. மைதான் நிலையம் வரும்வரை நான் விடைசொல்லக் காத்திருந்தேன்.

அக்காலத்துப் பயணச்சீட்டு ஏதேனும் பாதுகாத்து வைத்திருக்கிறீர்களா?
– நாகர்கோவில் வாசகி

இல்லை அம்மா. மஞ்சள் தாளில், பின்புறம் காந்தப்பட்டையோடு, விரலளவில் இருக்கும். உள்ளே போகும்போது வாயிலின் பொறியில் செருகினால் மேலே திரும்ப எழும்பி வரும். வெளியே வரும்போது செருகினால் பொறியே விழுங்கிக்கொள்ளும். ஒழுங்காகப் பயணம் செய்தவர் எவர் கையிலும் அது மிஞ்சியிருக்க வழியில்லை. 2011இல் அதற்குப் பதிலாக வில்லைகள் வந்தன. அவற்றையும் பொறி விழுங்கிக்கொள்ளத்தான் செய்தது.