பூஜ்யத்தைப் பொத்தி வையுங்கள்

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் போட்டுக்குப் போக முடியாது. மச்சான் கொடுத்த பழைய கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க வீடியோ கேம் கருவியில் 'கிங்டம் ஹார்ட்ஸ்: செயின் ஆஃப் மெமரீஸ்' ஆடுகிறேன். ஆயுதத்தை வீசக்கூட சீட்டுப் போட வேண்டுமாம், கடுப்பாக இருக்கிறது. விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: விடாதீர்கள் தம்பி. எனக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது. 2004-ல் வந்த இந்த ஆட்டத்தில் பட்டனைச் சும்மா அமுக்கிக்கொண்டே இருந்தால் உதைதான் விழும், ஏனென்றால் சீட்டில் இருக்கும் எண்தான் எல்லாம், எதிரி 5 போட்டால் நீங்கள் 6 போட்டு அவன் அடியை முறிக்கலாம். அப்புறம் அந்த 0 இருக்கிறதே! முந்திக்கொண்டு இறக்கினால் எந்தச் சீட்டும் அதை வெட்டிவிடும், பொறுத்திருந்து போட்டால் 9-ஐயும் வெட்டும், மூன்று சீட்டைச் சேர்த்து அவன் விடும் பெரிய அடியையும் வெட்டும். பாம்பனில் என் சித்தப்பா துருப்பைக் கடைசிவரை பொத்தி வைத்திருப்பார், அதே புத்திதான் இங்கும்.

குறை இல்லாமல் இல்லை. சீட்டுத் தீர்ந்தால் மறுபடி நிரப்பும்வரை அடி வாங்க வேண்டியதுதான். போகும் உலகங்களும் பெரும்பாலும் முதல் பாகத்தில் பார்த்தவையே, அறைகள் எல்லாம் ஒரே சாயல், அது எனக்குச் சலித்தது.

உங்கள் கேம்பாய் அட்வான்ஸ் முதலில் வந்த மாடல் என்றால் திரையில் விளக்கு கிடையாது. வீட்டுக்குள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் திண்ணை வெளிச்சத்தில் ஆடுங்கள்.