கல்லும் புல்லும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு நாமக்கல் பக்கம் ஒரு கிராமம். அப்பா அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர். கிரைண்டர், மிக்சி வந்தபிறகு அவர் தொழில் ஏறக்குறைய நின்றுபோனது. நான் படித்து ஐ.டி. பக்கம் ஒதுங்கிவிட்டேன்.

போன வாரம் தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலுள்ள இன்கா கட்டடங்களைப் பற்றி யூடியூபில் ஒரு காணொளி பார்த்தேன். இரும்பு தெரியாது, சக்கரம் தெரியாது, எழுத்து தெரியாது, இப்படிப்பட்டவர்கள் நூறு டன் கல்லைத் தூக்கி இடுக்கே தெரியாமல் அடுக்குவது சாத்தியமே இல்லை என்று ஆரம்பித்தார்கள். ஏதோ ஒரு மூலிகைச் சாற்றை ஊற்றி, கல்லை மாவு மாதிரி இளக்கி அப்பினார்கள் என்று முடித்தார்கள். கீழே கமெண்ட் முழுக்க வேற்றுக்கிரகவாசிகள். சுவரைப் பார்க்கப் பார்க்க எனக்கும் இருக்குமோ என்றுதான் தோன்றியது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “நிறுத்து” என்றார். திரைக்குப் பக்கத்தில் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “கொத்தின கல்லுடா இது. புள்ளி தெரியுது பாரு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்பா சொன்னது சரியா? இன்னொரு சந்தேகமும் உண்டு. இவ்வளவு பாடுபட்டுச் சுவர் எழுப்பியவர்கள் கூரை ஏன் போடவில்லை? கோயில்கள்கூட மொட்டையாக நிற்கின்றனவே?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் அப்பா சொன்னது சரி. அவர் டீ குடிக்கப் போகும் வழியில் சொன்னதை நிறுவ, ஒரு கட்டடக்கலைப் பேராசிரியருக்குப் பல வருடம் பிடித்தது.

அவர் பெயர் ழான்-பியேர் ப்ரோட்சன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை சொல்லிக்கொடுத்தவர். இன்காக்களின் தலைநகரமான குஸ்கோவுக்குக் கல் போன பழைய குவாரிகளில் ஒன்றான ருமிகொல்காவில் அவர் அலைந்தபோது, அந்த மலைக்குச் சம்பந்தமே இல்லாத உருண்டைக் கற்கள் கிடந்தன. ஆற்றில் உருண்டு வழவழப்பான குவார்ட்சைட் கற்கள், முனைகளில் அடிபட்ட தழும்போடு. இவைதான் சம்மட்டி என்று ஊகித்தார். ஊகத்தோடு நிற்காமல், நாலு கிலோ எடையுள்ள ஒன்றை எடுத்து ஆண்டிசைட் என்ற எரிமலைக் கல் ஒன்றைக் கொத்த உட்கார்ந்துவிட்டார்.

ஓங்கி அடிக்க வேண்டியதே இல்லை என்பது அப்போது தெரிந்தது. இரண்டு கையாலும் தளர்வாகப் பிடித்து விழவிட்டால் போதும். கல்லில் பட்டுத் தானே எகிறி வரும். படுகிற நொடியில் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் அடி சாய்வாக இறங்கி, பொடி கூடுதலாக உதிரும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் மூன்று முகங்களும் ஐந்து விளிம்புகளும் தயார். இத்தனைக்கும் மனிதர் கல்தச்சர் பரம்பரை இல்லை.

விளிம்பில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. பெரிய கல் பட்டால் ஓரம் சில்லாகத் தெறித்துவிடும். அங்கே ஒரு கிலோவுக்கும் குறைவான சின்னக் கற்களுக்கு மாறவேண்டும். அதனால் குஸ்கோ சுவர்களில் ஒவ்வொரு கல்லின் நடுவிலும் புள்ளிகள் பெரிதாகவும், ஓரத்தை நெருங்க நெருங்கப் பொடியாகவும் இருக்கும். புதிதாகக் கொத்திய அம்மியின் அம்மைத் தழும்பு முகம் உங்களுக்குத் தெரியாததா? உங்கள் அப்பா பார்த்தது அந்தப் புள்ளிகளைத்தான். இளக்கி அப்பிய கல்லில் அவற்றுக்கு என்ன வேலை என்று காணொளிக்காரர்கள் சொல்லட்டும்.

பொருத்துவதும் இதே ரகம்தான். கீழ்க்கல்லின் மேல்முகத்தை, மேலே உட்காரப்போகும் கல்லின் அடிப்பாகத்துக்கு ஏற்றபடி குழித்தார்கள். வைத்துப் பார்த்தால், இடிக்கிற இடத்தில் கல்தூள் நசுங்கிப் படிந்திருக்கும். எடுத்து அங்கே மட்டும் கொத்தி மறுபடி வைப்பார்கள். மறுபடி எடுப்பார்கள். பிளேடு நுழையாது என்று எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிப்பது இந்தப் பொறுமையின் விளைவைத்தான். பல சுவர்களில், கல்மேல் கல் உட்காரும் கிடைமட்டப் பொருத்து முழு ஆழத்துக்கும் கச்சிதமாக இருக்கும். பக்கவாட்டுப் பொருத்தோ முகப்பிலிருந்து சில சென்டிமீட்டர்தான் நெருக்கம், அதற்குப் பின்னால் வெறும் மண்ணும் சல்லியும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உழைப்பை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோதுதான் அவர்கள் மேல் எனக்கு நிஜமான பிரியம் வந்தது. சாறு ஊற்றி இளக்கத் தெரிந்தவன் உள்ளே சல்லி போட்டு அடைப்பானா?

அந்த மூலிகைச் சாற்றுக் கதைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1925-இல் அமேசான் காட்டுக்குள் போய்த் திரும்பாத ஃபாசெட் என்ற ஆங்கிலேயப் பயணியின் குறிப்புகளில் அது வருகிறது. ஒரு சின்னப் பறவை ஏதோ இலையை அலகால் தேய்த்துப் பாறையில் கூடு குடைகிறதாம். ஒரு செடியின் சாறு பட்டுக் குதிரைக்காரன் ஒருவன் குதிகாலில் மாட்டியிருந்த இரும்பு முள்ளே கரைந்ததாம். ஆண்டிஸ் மலையில் ஒரு மரங்கொத்தி இருப்பது உண்மை. மரமில்லாத உயரத்தில் வாழ்வதால் மண்மேட்டில் வளை குடைகிறது, மூலிகையின் துணை இல்லாமல்.

‘இது மனிதர்களால் முடியாது’ என்ற பேச்சும் யூடியூபுக்கு முந்தியது. கார்சிலாசோ தெ லா வேகா 1539-இல் குஸ்கோவில் பிறந்தவர். தாய் இன்கா அரச குலம், தகப்பன் ஸ்பானியப் படைத்தலைவன். நகரத்துக்கு மேலே சக்சயுவாமன் கோட்டையின் சுரங்க வழிகளில் சிறுவனாக விளையாடியவர். அந்தக் கற்களைப் பார்த்தால் பேய்கள் மந்திரத்தால் கட்டியதோ என்றுதான் எண்ணத் தோன்றும் என்று அவரே எழுதியிருக்கிறார். பேய் போய் வேற்றுக்கிரகவாசி வந்திருக்கிறான், அவ்வளவுதான் மாற்றம். கொத்தியவனுக்கு மட்டும் அன்றும் இன்றும் பெயர் கிடைப்பதில்லை.

இத்தனைக்கும் கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது. 1550 வாக்கில் குஸ்கோவுக்கு வந்த சியேசா தெ லெயோன் என்ற ஸ்பானியச் சிப்பாய், இன்காக்களிடம் கேட்டே எழுதிவைத்தார். சக்சயுவாமனுக்கு 20,000 பேர். அதில் 4,000 பேர் கல் உடைக்க, 6,000 பேர் தோலிலும் நாரிலும் திரித்த பெருங்கயிறுகளால் இழுக்க, மிச்சப்பேர் கடைக்கால் தோண்டவும் மரம் வெட்டவும். யாரும் நிரந்தரக் கூலியில்லை. இந்த முறைவேலைக்கு ‘மித்தா’ என்று பெயர். ஊர் ஊராக முறை வைத்து வந்து, தவணை முடிந்ததும் வீடு திரும்புவார்கள். இருக்கும்வரை சாப்பாடு அரசாங்கத்தின் பொறுப்பு.

எனவே சக்கரம் இல்லையே என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம். அந்தச் செங்குத்து மலையில் நூறு டன் கல்லை வண்டியில் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களிடம் கயிறு இருந்தது. ஒல்லந்தாய்தம்போ என்ற இன்கா ஊரின் சூரியன் கோயிலுக்கு ஆற்றின் அக்கரையில் கச்சிகாத்தா மலைச்சரிவிலிருந்து கற்கள் வந்தன. அங்கே பாறையை வெட்டி எடுக்கக்கூட இல்லை. சரிந்து கிடந்தவற்றில் பார்த்துப் பொறுக்கினார்கள். இழுத்து வந்த கற்களின் அடிமுகம் தேய்ந்து பளபளப்பாக, இழுத்த திசையிலேயே நீளக் கீறல்களோடு இருக்கிறது. பாதி வழியில் விட்டுப்போன கற்கள் இன்றும் அங்கங்கே கிடக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் அவற்றைக் ‘களைத்த கற்கள்’ என்கிறார்கள். கார்சிலாசோ சொல்லும் கதையில் அப்படி ஒரு கல் இழுப்பவர்களை மீறி உருண்டு மூவாயிரம் நாலாயிரம் பேரை நசுக்கியது. பிறகு களைத்துப்போய் ரத்தக் கண்ணீர் விட்டதாம்.

கதைதான். ஆனால் கல் களைக்கும், அழும் என்று நம்பியவர்கள் அவர்கள் என்பதை மறக்கக்கூடாது. கோயில் என்றால் நமக்குக் கட்டடம். அவர்களுக்கு ‘வாக்கா’ என்ற சொல்லில் எல்லாம் அடக்கம். ஊற்று, பாறை, குன்று, குஸ்கோ கண்ணில் படும் பாதைத் திருப்பம்கூட வாக்காதான். கொரிகாஞ்சா என்ற சூரியன் கோயிலை நடுவாக வைத்து நாற்பத்தொரு கோடுகள் நாலாபுறமும் போவதாகவும், அவற்றில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வாக்காக்கள் இருந்ததாகவும் 1653-இல் பெர்னாபே கோபோ என்ற பாதிரியார் பட்டியலே போட்டார். அதில் பாதிக்கு மேல் ஊற்றுகளும் கற்களும்தான்.

கொரிகாஞ்சா என்றால் பொன் வளாகம். ‘காஞ்சா’ என்பது மதில் சுற்றிய மனை: நடுவில் முற்றம், அதைப் பார்த்தபடி ஓரறை வீடுகள். (காஞ்சா என்றதும் காஞ்சி என்று கிளம்பிவிடாதீர்கள், அப்படி இரண்டு மின்னஞ்சல் ஏற்கெனவே வந்திருக்கிறது.) குடியானவன் வீட்டுக்கும் இதே அமைப்புதான். சூரியனுக்கும் அதே வீடு, கல் வேலை மட்டும் உயர்தரம், சுவரில் தங்கத் தகடு. 1533-இல், ஸ்பானியர்கள் சிறைபிடித்த இன்கா மன்னன் அதாவால்பாவுக்குப் பிணைத்தொகை வசூலிக்க வந்த மூன்று ஸ்பானியர்கள், செம்புக் கடப்பாரையால் சுமார் 700 தகடுகளை நெம்பி எடுத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒருவரும் கை வைக்கவில்லை. தொட்டால் செத்துப்போவோம் என்று ஒதுங்கி நின்றார்களாம்.

இப்போது கூரை. போட்டார்கள், ம. புல்லால் போட்டார்கள்.

உலகத்திலேயே நேர்த்தியான கற்சுவரின் தலையில் கூரைப் புல். மச்சு பிச்சுவில் முக்கோணச் சுவர்களின் வெளிப்பக்கம் உருளையாக நீட்டிக்கொண்டிருக்கும் கல்முளைகளைப் படங்களில் பாருங்கள். சில இடங்களில், மூக்கணாங்கயிறு கோக்க மாட்டின் மூக்கில் துளை போட்டதுபோல, துளையிட்ட கற்களும் இருக்கும். கூரையை இழுத்துக் கட்டிய இடங்கள் அவை. மழை கொட்டும் மலை என்பதால் கூரைகள் நல்ல சரிவு. குஸ்கோவின் கூரைகள் 1536-இல் எரிந்தன. எரித்தவர்களும் இன்காக்களே. ஸ்பானியர்கள் கையிலிருந்த சொந்தத் தலைநகரத்தை மான்கோ இன்கா என்ற மன்னன் முற்றுகையிட்டபோது, கல்லைப் பழுக்கக் காய்ச்சிப் பஞ்சில் சுற்றிக் கவணால் எறிந்தார்கள். ஊரே பற்றிக்கொண்டது.

பிறகு கூரை மேய ஆளில்லை. கூரை இருந்தவரை அதைச் சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மேயும் முறைவேலையும் இருந்திருக்கும். அந்த மாதிரி முறைவேலை, கூரைக்கு இல்லாவிட்டாலும் ஒரு பாலத்துக்கு, இன்றும் எஞ்சியிருக்கிறது. அபுரிமாக் ஆற்றின்மேல் கேஸ்வசாகா என்ற புல் பாலம், 28 மீட்டர் நீளம். ஒவ்வொரு ஜூனிலும் நாலு ஊர்க்காரர்கள் கூடுகிறார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் புல்லைத் திரித்த மெல்லிய கயிறு வருகிறது. அதை முறுக்கித் தடித்த கயிறு, அதைப் பின்னிக் கை கொள்ளாத வடம். பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு மூன்றே நாளில் புதியதைக் கட்டி, நாலாம் நாள் திருவிழா. 2013-இல் யுனெஸ்கோ இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்காக் கட்டடக்கலையை இன்று உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் நான் மச்சு பிச்சுவைவிட இதைத்தான் சொல்வேன். மச்சு பிச்சுவில் 2000-இல் ஒரு பீர் விளம்பரப் படப்பிடிப்பின் கிரேன் விழுந்து, பூகம்பங்கள் விட்டுவைத்த இந்திவதானா என்ற புனிதக் கல்லின் ஓரம் பெயர்ந்தது.

சக்சயுவாமனில் இப்போது நிற்பதும் முழுக்கோட்டை இல்லை. கோபுரங்களையும் சின்னக் கற்களையும் பெயர்த்து ஸ்பானியர்கள் கீழே வீடும் தேவாலயமும் கட்டிக்கொண்டார்கள். நகர்த்த முடியாததை விட்டுப்போனார்கள். நீங்கள் படத்தில் பார்ப்பது திருட முடியாத மிச்சம். பெரிய கல்லாகவே அடுக்கினார்கள் என்ற மயக்கம் பாதி அதனால் வருவது. கொரிகாஞ்சாவை இடித்த இடத்தில் சாந்தோ தொமிங்கோ என்ற கிறிஸ்தவ மடம் எழும்பியது. 1950 மே 21 பூகம்பத்தில் மடத்தின் பெரும்பகுதி சரிந்தது. உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்கள், உள்நோக்கிச் சாய்ந்த அதே நிற்பில், வெளியே தெரிந்தன.

உங்கள் அப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுங்கள். அம்மி கொத்தும்போது ஓரத்துக்கு வந்ததும் சின்ன உளிக்கு மாறுவாரா, இல்லை அதே உளியில் அடியை மட்டும் குறைப்பாரா?